புன்னகையின் பின்னால் இருந்த துணிவு

பண்டிகைக் காலம் நிறைவடைந்து பட்டாசுச் சத்தமும் ஓய்ந்துவிட்டது. இவ்வாரத்தில் ஆறுதலாக அமர்ந்து இசை கேட்க விரும்புவோருக்கு ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ரோங்கை நாம் பரிந்துரைக்கின்றோம். அவரது இசை வாழ்வின் தொடக்கமே ஒரு புத்தாண்டு இரவுடன் பிணைந்தது என்பது அதற்கு ஒரு காரணமாகும்.

1901 ஓகஸ்ட் 4ஆம் திகதி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் வறிய கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்த அவரைத் தந்தை கைவிட்டுச் சென்றார். சிறு வயதிலேயே உழைத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. 1912 டிசெம்பர் 31ஆம் திகதி இரவு, புத்தாண்டு மகிழ்ச்சியில் கைத்துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்ட அச்சிறுவன் கைது செய்யப்பட்டு, மறுநாளே கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். அங்கே பீற்றர் டேவிஸ் என்ற ஆசிரியர் அவனுக்குக் கோர்னெட் வாசிக்கப் பயிற்றுவித்தார். தண்டனையாக வந்ததே வாழ்வாயிற்று.

1922இல் தமது குருவான கிங் ஒலிவரின் அழைப்பின் பேரில் ஆம்ஸ்ட்ரோங் சிக்காகோ சென்றார். 1925 முதல் 1928 வரை 'ஹொட் ஃபைவ்', 'ஹொட் செவன்' என்னும் குழுக்களுடன் அவர் செய்த ஒலிப்பதிவுகள் ஜாஸின் போக்கையே மாற்றின. அதுவரை குழுவினர் அனைவரும் கூடிக் கற்பனையாக வாசிப்பதே பெருவழக்காக இருந்தது. தனிக் கலைஞனின் கற்பனையை முன்னிலைக்குக் கொணர்ந்தவர் அவரே எனலாம். 1928 ஜூன் மாதம் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' மூன்று நிமிடங்களைச் சற்றே கடந்தது. பக்கவாத்தியம் ஏதுமின்றித் தனித்தொலிக்கும் அதன் தொடக்கத்தை வாசகர்கள் ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

திரையில் காண விரும்புவோருக்கு 1956இல் வெளிவந்த 'ஹை சொசைட்டி' உண்டு. அதில் அவர் அகன்ற புன்னகையுடன் தோன்றுவார். அப்புன்னகையே அவர்மீதான குற்றச்சாட்டாகவும் மாறியது. வெள்ளையரை மகிழ்விக்கவே அவர் சிரிக்கின்றார் என டிஸ்ஸி கில்லஸ்பி போன்ற இளைய கலைஞர்கள் கண்டித்தனர்.

ஆயினும் 1957 செப்டெம்பரில் நிகழ்ந்தது வேறு. ஆர்கன்சோ மாநிலத்தின் லிட்டில் ரொக் நகரில், வெள்ளையர் மட்டுமே பயின்ற பாடசாலைக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதை ஆளுநர் தேசிய காவற்படையைக் கொண்டு தடுத்தார். அச்சமயம் ஆம்ஸ்ட்ரோங், அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் சார்பில் சோவியத் யூனியனுக்குச் செல்ல எதிர்பார்க்கப்பட்டிருந்தார். தம்மைச் சந்தித்த இளம் செய்தியாளர் ஒருவரிடம் அவர் ஜனாதிபதி ஐசனோவரின் தயக்கத்தைக் கடுமையாகச் சாடியதுடன், அப்பயணத்தையும் மறுத்துவிட்டார். அவரது இசைத்தட்டுகளைப் புறக்கணிக்கும் குரல்கள் எழுந்தன. அவர் சொன்னதை மீளப் பெறவில்லை. அம்மாதம் 24ஆம் திகதி ஜனாதிபதி இராணுவத்தை அனுப்பி மாணவர்களுக்குப் பாதுகாப்பளித்தபோது, ஆம்ஸ்ட்ரோங் அவரைப் பாராட்டித் தந்தி அனுப்பவும் தவறவில்லை.

கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் இசைப்பதை லூசியானா மாநிலம் 1956இல் சட்டத்தால் தடுத்தபோது, தமது கலப்பினக் குழுவைப் பிரிக்க மறுத்த அவர், 1965 வரை பிறந்த ஊரில் வாசிக்கவேயில்லை. கில்லஸ்பியும் பின்னாளில் தமது மதிப்பீடு பிழையென ஏற்றுக்கொண்டார். 1971 ஜூலை 6ஆம் திகதி நியூயோர்க்கில் ஆம்ஸ்ட்ரோங் காலமானார்.

அவர் வீட்டிலேயே பதிவுசெய்து வைத்திருந்த ஒலிநாடாக்களைப் பயன்படுத்தி 2022இல் வெளிவந்த 'லூயி ஆம்ஸ்ட்ரோங்ஸ் பிளக் அண்ட் ப்ளூஸ்' என்ற ஆவணப்படம், மேடைக்கு அப்பாலான அம்மனிதரைக் காட்டுகின்றது. அதையும் பார்த்தபின், அந்தப் பழைய இசைத்தட்டை மீண்டும் கேளுங்கள். இன்முகம் காட்டும் கலைஞனை அடிபணிந்தவன் என எடைபோட நாம் அவசரப்படலாகாது. இழப்பதற்கு நிறைய இருந்த வேளையில் அவன் என்ன செய்தான் என்பதே உரைகல்லாகும்.