மேரி கியூரி லேபில் இருந்தபோது குழந்தையைப் பார்த்துக்கிட்டது யார்?

1897-ல் மூத்த மகள் ஐரீன் பிறந்தபோது மேரி கியூரிக்கு வயசு 29. டாக்டர் பட்ட ஆய்வே தொடங்கவில்லை. வேலையா, குழந்தையா? கைகொடுத்தவர் மாமனார் யூஜீன். அப்போதுதான் மனைவியை இழந்திருந்த அந்த டாக்டர், மகன் வீட்டுக்கே வந்து பேத்தியைப் பார்த்துக்கிட்டார். மேரி ஒழுகுற கொட்டகையில் டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சி ரேடியம் உப்பைப் பிரித்தெடுத்தார்.

1903 ஜூனில் டாக்டர் பட்டம். ஆகஸ்டில் கருச்சிதைவு, உடைந்தே போனார். பாடப்புத்தகங்கள் தாண்டிப் போகிற மாதம் இது. டிசம்பரில் நோபல் பரிசு, ஆனால் ஸ்டாக்ஹோம் போக உடம்பில் தெம்பில்லை. அடுத்த டிசம்பரில் இளையவள் ஈவ் பிறந்தாள்.

1906-ல் கணவர் பியர் விபத்தில் இறந்தார். சோர்போனில் அவர் எடுத்த வகுப்பு மேரிக்கு வந்தது. வீட்டில் அப்போதும் தாத்தாதான். 1910-ல் அவரும் போய்விட்டார். மறுவருஷம் இரண்டாவது நோபல் வாங்க ஸ்டாக்ஹோம் கிளம்பிய மேரியுடன் 14 வயசு ஐரீனும் போனாள்.