செல்லின் கணக்கறிந்த ஜானகி அம்மாள்

நுழையும்முன்

உயிர்கள் வளர்வதும் முதிர்வதும் கண்ணுக்குத் தெரியாத செல்களுக்குள் தொடங்குகின்றன. அச்செல்களை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து, தம் முதுமையிலும் பாலக்காட்டுக் காடொன்றைக் காக்கத் துணைநின்ற அறிஞரைப் பற்றியது இப்பாடம்.

இளமையும் கல்வியும்

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் கேரளத்தின் தலச்சேரியில் பிறந்தார். தந்தை ஈ. கே. கிருஷ்ணன் சென்னை மாகாணத்தில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். பெண்கள் இளமையிலேயே மணம் முடித்து இல்லறம் புகுந்த அக்காலத்தில், ஜானகி திருமணத்தை மறுத்துக் கல்வியைத் தேர்ந்தெடுத்தார். சென்னையில் இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931இல் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

கரும்பும் குரோமோசோமும்

ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் நூலிழை போன்ற குரோமோசோம்கள் உள்ளன. உயிரின் பண்புகள் அவற்றின் வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய ஜானகி, கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பை நாணல் இனக் காட்டுக்கரும்புடனும், சோளம் போன்ற பிற புல்லினங்களுடனும் கலந்து புதிய கலப்பினங்களை உருவாக்கினார். ஆண்களே நிறைந்திருந்த அன்றைய ஆய்வுலகில் பெண் என்பதாலும், பிறந்த சாதியாலும் அவர் தடைகளைச் சந்தித்தார். எனினும் ஆய்வைக் கைவிடவில்லை.

பின்னர் இங்கிலாந்து சென்று, உலகப் போர்க்காலத்தில் இலண்டனில் ஆய்வு செய்தார். 1945இல் டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு மக்னோலியாச் செடிகளின் குரோமோசோம்களை இருமடங்காக்கவும் செய்தார். நம் செங்காந்தள் கிழங்கிலும் இப்பொருள் உண்டு. செல் பிரியும்போது குரோமோசோம்கள் இருபுறமும் விலகிச் செல்வதை இது தடுப்பதால், அவை ஒரே செல்லில் தங்கிவிடுகின்றன.

செல்லின் முதுமை

ஜானகி அம்மாளின் காலத்திலேயே குரோமோசோம் ஆய்வு மற்றொரு புதிரையும் தொட்டது. மனிதனின் இயல்பான உடற்செல்கள் ஆய்வகத்தில் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்பதை 1961இல் ஹேஃபிளிக் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டினார். குரோமோசோம் முனைகளில் டெலோமியர் என்னும் காப்புப் பகுதி உள்ளது. ஒவ்வொரு பிரிவிலும் அது சிறிது குறைகிறது. மிகவும் குறைந்ததும் செல் பிரிவதை நிறுத்தி முதிர்ச்சியடைகிறது. மரங்களின் நிலை வேறு. நூறாண்டு கடந்த மரத்தின் தளிர்முனையிலும் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். வெட்டினாலன்றி அவ்வளவு எளிதில் அது வளர்ச்சியை நிறுத்துவதில்லை.

அமைதிப் பள்ளத்தாக்கு

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பிய ஜானகி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அக்காலத்தில் பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிடப்பட்டது. மலபாருக்கு மின்சாரம் தேவைப்பட்டது உண்மையே. ஆனால் அணை எழுந்தால், சிங்கவால் குரங்குகள் வாழும் பழமையான பசுமைமாறாக் காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கிவிடும். அறிஞர்களும் ஆசிரியர்களும் கவிஞர்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். எண்பது வயதைக் கடந்த ஜானகியும் அவர்களுடன் நின்றார். அதோடு நில்லாமல், அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் பணியையும் மேற்கொண்டார். ஆராய்ந்து அறியுமுன் ஓர் இனம் அழிந்தால், அதன் அறிவை மீட்க வழியில்லை என்பதை உணர்ந்தவர் அவர்.

1984 பிப்ரவரி 7ஆம் நாள், சென்னையை அடுத்த மதுரவாயலில், தம் 86ஆம் வயதில் அவர் மறைந்தார். இறுதிவரை ஆய்வுப்பணியில் ஈடுபட்டிருந்தார். அணைத் திட்டம் கைவிடப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவர் கணக்கெடுக்க விரும்பிய மரங்கள் இன்றும் அங்கே தளிர்க்கின்றன.

பயிற்சி

1. கால்ச்சிசின் செல்லில் எவ்வாறு செயல்படுகிறது?
2. மனிதச் செல்லின் முதிர்ச்சிக்கும் டெலோமியருக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
3. மின்சாரத் தேவை, காட்டின் பாதுகாப்பு ஆகிய இரண்டையும் முன்வைத்து வகுப்பில் கலந்துரையாடுக.
4. பிரித்து எழுதுக: நூலிழை, தளிர்முனை, குரலெழுப்பினர்.