ரூபாய்க்கு அரையணா

டிஎன்பிஎஸ்சி கைடு புரட்டின யாருக்கும் இந்த ஒரு மார்க் கேள்வி மனப்பாடம். இந்திய நூலக அறிவியலின் தந்தை யார்? எஸ்.ஆர். ரங்கநாதன். கூடவே ஐந்து விதிகள், கோலன் பகுப்பு முறைன்னு இன்னும் ரெண்டு மார்க். அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். ஆனா அந்த மனுஷர் பதினெட்டு வருஷமா எதுக்காக அலைஞ்சார்ங்கிறது எந்த கைடுலயும் இருக்காது. அவர் அலைஞ்சது ஒரு வரிக்காக. எழுத்து வரி இல்லைங்க, வீட்டு வரி கட்டுறோமே, அந்த மாதிரி வரி.

கிராமத்துக்கு இணையம் கொண்டு போறதுக்கு யார் பணம் தரணும், கம்பெனியா, அரசாங்கமா, இல்ல பயன்படுத்துறவங்களே பார்த்துக்கணுமான்னு நம்ம காலத்துல ஒரு விவாதம் நடந்துகிட்டே இருக்கு. இதே கேள்வியை புத்தகத்தை வெச்சு கேட்டு, பதிலை சட்டமாவும் எழுதிட்டுப் போனவர் ரங்கநாதன். அதனாலதான் இந்த இதழ்ல அவர் கதை.

பேருக்கு முன்னால இருக்கிற எஸ், சீர்காழியைக் குறிக்கும். அப்போ ஆங்கிலத்துல ஷியாளின்னு எழுதுவாங்க. 1892-ல் பிறந்தார். அப்பா ராமாமிர்தம், கொஞ்சம் நிலம் வெச்சிருந்தவர். பையனுக்கு ஆறு வயசா இருக்கும்போதே இறந்துட்டார். பையனுக்குத் திக்குவாய் வேற. அதோட போராடியே படிச்சு, சென்னை கிறித்தவக் கல்லூரியில கணிதத்துல எம்.ஏ. முடிச்சார். 1917-லிருந்து மங்களூர், கோயம்புத்தூர், கடைசியா சென்னை மாநிலக் கல்லூரின்னு கணித ஆசிரியர். திக்குவாய்க்காரர் வாத்தியார் வேலைக்குப் போனதே பெரிய துணிச்சல்தான். அதுலயும் நல்ல வாத்தியார்னு பேர் எடுத்தார்.

1924 ஜனவரியில சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் நூலகரா சேர்ந்தார். நூலகத்து மேல இருந்த காதல்னு நினைச்சுடாதீங்க. அந்தப் பதவிக்குச் சம்பளம் நல்ல சம்பளம். நூலகப் பயிற்சின்னு ஒண்ணு அவருக்குக் கிடையாது. ஆனா சேர்ந்த கொஞ்ச நாள்லயே வெறுத்துப் போச்சு. வகுப்பு நிறைய பசங்களோட பேசிப் பழகினவருக்கு, யாருமே வராத அறையில நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது தண்டனை மாதிரி இருந்திருக்கு. திரும்பவும் மாநிலக் கல்லூரிக்கே போய், பழைய வேலையைக் கொடுத்துடுங்கன்னு கேட்டார். கடைசியில ஒரு சமரசம். ஏற்கெனவே ஏற்பாடாகி இருந்த லண்டன் பயிற்சிக்குப் போய்ட்டு வரணும். வந்த பிறகும் பிடிக்கலைன்னா வாத்தியார் வேலை காத்திருக்கும். சரின்னு கப்பல் ஏறினார்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல நூலகப் படிப்பு. பாடத்தை விட அவரை மாத்தினது நேர்ல பார்த்த நூலகங்கள். அவருக்கு வழிகாட்டியா இருந்த பெர்விக் சேயர்ஸ், கிராய்டன் பொது நூலகத்தோட தலைமை நூலகர். அவர் சொல்லி ரங்கநாதன் நூத்துக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுத்திப் பார்த்தார். வேலை முடிஞ்சு வர்ற தொழிலாளி, கடைப் பையன், வீட்டுப் பெண்கள், குழந்தைகள்னு எல்லாரும் உள்ளே வந்து போறாங்க. யார்கிட்டயும் காசு கேட்கலை. சென்னையில அவர் விட்டுட்டு வந்த காலி அறையை நினைச்சுப் பாருங்க.

இது ஏதோ வள்ளல் ஒருத்தர் தயவுல நடந்த காரியம் இல்லை. 1850-லயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பொது நூலகச் சட்டம் போட்டாச்சு. ஊராட்சி அமைப்புகள் வீட்டு மதிப்புல பவுண்டுக்கு அரை பென்னி வசூலிச்சு நூலகம் நடத்தலாம். அதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அந்தப் பணத்துல கட்டடம் கட்டலாம், ஆள் வைக்கலாம், புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது. புத்தகத்தை யாராவது தானமா கொடுப்பாங்கன்னு நினைப்பு. அஞ்சு வருஷத்துல புத்தி வந்து, 1855-ல ஒரு பென்னியா உயர்த்தி புத்தகம் வாங்கவும் அனுமதிச்சாங்க. கார்னெகி போன்ற செல்வந்தர்கள் பின்னாடி ஊர் ஊரா நூலகம் கட்டிக் கொடுத்தது உண்மை. ஆனா நடத்துற செலவை ஊர் தன் வரியிலிருந்து ஏத்துக்கணும்ங்கிறது கார்னெகியே போட்ட நிபந்தனை. கட்டடத்துக்கு ஒரு தடவை காசு கொடுத்தா போதும். புத்தகத்துக்கும் நூலகருக்கும் வருஷா வருஷம் வேணும். நம்ம பாஷையில சொன்னா ஒண்ணு கேபெக்ஸ், இன்னொண்ணு ஓபெக்ஸ்.

1925-ல திரும்பி வந்தார். மாநிலக் கல்லூரிக்குப் போற பேச்சே எடுக்கலை. அலமாரிகளைத் திறந்து விட்டு, வாசகரே உள்ளே போய் எடுத்துப் பார்க்கிற மாதிரி செஞ்சார். திறந்திருக்கிற நேரத்தைக் கூட்டினார். வர்றவங்களுக்கு வேண்டியதைத் தேடிக் கொடுக்கன்னே தனியா ஆள் வெச்சார். 1936-ல கடற்கரைக்கு எதிர்ல நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. இதுக்கு நடுவுல 1928-ல முதல் மனைவி ருக்மிணி ஒரு விபத்துல இறந்துபோனார். அடுத்த வருஷம் சாரதாவை மணந்தார். இருபது வருஷம் விடுப்பே எடுக்காம வேலை பார்த்தார்னு சொல்வாங்க. அவர்கூட வேலை பார்த்தவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னும் யோசிக்கணும்.

கோலன் பகுப்பு முறை 1933-ல வந்தது. ஒரு புத்தகத்தை ஒரே பெட்டிக்குள்ள அடைக்காம, பொருள், செயல், இடம், காலம்னு பல கோணங்களா பிரிச்சு, அதைக் குறியீடுகளால சேர்க்கிற முறை. லண்டன் கடையில மெக்கானோ பொம்மைத் துண்டுகளைச் சேர்த்து விதவிதமா உருவம் செய்யறதைப் பார்த்தப்ப வந்த யோசனையாம். இன்னைக்கு ஆன்லைன் கடையில விலை, நிறம், அளவுன்னு ஃபில்டர் போட்டுத் தேடுறோமே, அந்தச் சிந்தனையோட முன்னோடிகள்ல அவரும் ஒருத்தர். சிஎஸ்இ நண்பர்கள் இதைத் தனிக் கட்டுரையா எழுதலாம். எனக்கென்னவோ அவரோட பெரிய சாதனை இது இல்லைன்னுதான் படுது.

1928-ல சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்கினதுல அவர் முக்கியமான ஆள். 1931-ல ஐந்து விதிகள் புத்தகம் வந்தது. முதல் விதி, புத்தகம் பூட்டி வைக்கிறதுக்கில்லை, பயன்படுத்தத்தான். ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கணும். படிக்கச் சாதாரணமா இருக்கும். ஆனா அந்த ஒவ்வொருங்கிற வார்த்தையை நிஜமாவே எடுத்துக்கிட்டா ஆடிப் போயிடுவோம். கிராமத்துல இருக்கிறவர், பெண்கள், பார்வை இல்லாதவர், சிறையில இருக்கிறவர், எழுத்தே தெரியாதவர், எல்லாரும் அதுல அடக்கம். இவ்வளவு பேருக்கும் கொடுக்க யார் செலவு பண்றது? அந்த விதியை விளக்கும்போதே அரசாங்கத்தோட கடமைன்னு அவர் விரிவா பேசுறார். கணக்கு வாத்தியார் இல்லையா, சமன்பாட்டோட மறுபக்கத்தை எழுதாம விடுவாரா.

அதே 1931-ல மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல மாட்டு வண்டியில நடமாடும் நூலகம் கிளம்பிச்சு. தொடங்கி வெச்சவர் ரங்கநாதன். வண்டி நிறைய புத்தகத்தோட கிராமம் கிராமமா போகும். ஒரு தனி மனுஷரோட நல்ல மனசுல வந்த வண்டி அது. வண்டி போன ஊருக்குப் புத்தகம் கிடைச்சது. அப்படி ஒரு மனசுக்காரர் இல்லாத ஊருக்கு?

அதனாலதான் அவர் சட்டத்தைப் பிடிச்சார். 1930 டிசம்பர்ல காசியில நடந்த ஆசியக் கல்வி மாநாட்டுல ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை வெச்சார். நூலகம்ங்கிறது அரசோட பொறுப்பு, அதுக்குன்னு தனி வரி, தனி அமைப்புன்னு அதுல வடிவம் இருந்தது. 1933-ல சென்னை சட்ட மேலவையில பஷீர் அகமது சையத் நூலக மசோதாவைக் கொண்டு வந்தார். அது சட்டமாகலை. வங்காளத்துலயும் ஒரு முயற்சி நடந்து கைகூடலை. நூலகம் நல்லதுன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க. வரின்னு வந்தா கதை வேற.

இதுக்குள்ள அவர் சென்னையை விட்டே போயாச்சு. பல்கலைக்கழகத்துல மேலிடத்தோட ஒத்துப் போகலை. 1945-ல காசி இந்து பல்கலைக்கழகம், 1947-ல டெல்லி. ஆனா மசோதா பைக்குள்ளேயே இருந்தது. 1946-ல சென்னை மாகாணத்துக் கல்வி அமைச்சரா தி.சு. அவினாசிலிங்கம் வந்தார். 1948-ல சென்னைப் பொது நூலகங்கள் சட்டம் நிறைவேறிச்சு. அதுக்கு முன்னாடி கோலாப்பூர் சமஸ்தானத்துல 1945-ல ஒரு சட்டம் இருந்தது. சுதந்திர இந்தியாவுல இதுதான் முதல். 1950 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தோட உயிர் எங்கேன்னா, வீட்டு வரியில ரூபாய்க்கு ஆறு பை நூலக வரின்னு சேர்த்ததுல. அந்தக் காலத்துக் கணக்குல பன்னிரண்டு பை ஒரு அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். அப்போ ஆறு பைன்னா அரையணா, ரூபாயில முப்பத்திரண்டுல ஒரு பங்கு, இன்னைய கணக்குல சுமார் 3 பைசா. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. அவங்க வசூல் எவ்வளவோ, அதுக்குக் குறையாத தொகையை அரசும் தரணும். சென்னை நகரத்துக்கு மட்டும் இந்த அரசுப் பங்கு கிடையாது. பட்ஜெட்ல இந்த வருஷம் பணம் இருக்கா இல்லையான்னு யாரும் கையைப் பிசைய வேண்டாம். வீடுகள் இருக்கிற வரைக்கும் வரி வரும், வரி வர்ற வரைக்கும் நூலகத்துக்குப் பங்கு உண்டு. இன்னைக்குத் தமிழ்நாட்டுல நாலாயிரத்துக்கும் மேல பொது நூலகங்கள் இருக்குன்னா அஸ்திவாரம் அந்த அரையணாதான்.

குறை இல்லாத சட்டமான்னு கேட்டா, இல்லை. வரி வீட்டு மதிப்பைப் பொறுத்தது. பெரிய கட்டடங்கள் இருக்கிற ஊர்ல வசூல் கொட்டும். ஓலைக் குடிசைகள் நிறைஞ்ச பக்கம் கொஞ்சமாத்தான் வரும். அரசும் வசூலுக்குச் சமமா கொடுத்தா, நிறைய வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் நிறைய. சென்னையை அந்தக் கணக்குல விட்டது புரியுது. மத்த ஊர்களுக்கு இடையில இருந்த ஏற்றத்தாழ்வு அப்படியேதான் இருந்தது. யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்கு முதல்ல போற மாதிரி ஒரு சூத்திரம் போட்டிருக்கலாம். இன்னொரு ஓட்டையும் உண்டு. வசூலிக்கிறது உள்ளாட்சி, செலவழிக்கிறது நூலக ஆணைக்குழு. நடுவுல பணம் நகராம வருஷக் கணக்குல நிலுவையா நிக்கிற செய்தி அப்பப்போ பேப்பர்ல வர்றது உங்களுக்கே தெரியும்.

இப்போ இணையத்துக்கு வருவோம். 2002-லிருந்து நம்ம நாட்டுல தொலைத்தொடர்பு நிறுவனங்களோட வருவாயில ஒரு பங்கு, இப்போ 5 சதவீதம், அனைவருக்கும் சேவைக்கான நிதின்னு தனியா ஒதுக்கப்படுது. லாபம் வராத கிராமத்துக்குக் கம்பெனி தானா போகாது, அதனால நகரத்துல சம்பாதிக்கிறதுல ஒரு துளியை அங்கே திருப்பி விடணும்ங்கிற கணக்கு. ரங்கநாதனோட அரையணாவுக்கு இது பேரன் மாதிரி. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு அப்புறம் பேரு டிஜிட்டல் பாரத் நிதி. கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டு போற பாரத்நெட் இந்த நிதியிலதான் ஓடுது. தமிழ்நாட்டுப் பங்குல 12,525 ஊராட்சிகள்.

பேரனுக்கும் தாத்தாவோட வியாதி வந்திருக்கு. பல்லாயிரம் கோடி வசூலாகி, செலவாகாம வருஷக் கணக்குல நின்னது. கேபிள் ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வந்து, பெட்டியில விளக்கு எரியாம கிடக்கிற ஊர்கள் இருக்கு. கட்டடத்துக்குப் பணம் கொடுத்து புத்தகத்தை மறந்த அந்த 1850 சட்டம் ஞாபகம் வரலையா? ஊர்ல ஒருத்தர் உட்கார்ந்து, முதல் தடவை விண்ணப்பம் போட வர்ற பாட்டிக்குத் திரையில எங்கே தொடணும்னு காட்டணும். அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்புல? வேண்டியதைத் தேடிக் கொடுக்கன்னே ஆள் வெச்சவர் இந்தக் கேள்வியைத்தான் முதல்ல கேட்டிருப்பார்னு எனக்குத் தோணுது.

மீதிக் கதை சுருக்கம். 1957-ல பத்மஸ்ரீ. 1962-ல பெங்களூர்ல ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கினார். 1965-ல தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர். எளிமையான ஆள். மனஸ்தாபத்தோட விட்டு வந்த அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே, தன் சேமிப்புல 1 லட்சம் ரூபாயை, மனைவி பேரும் சேர்த்து சாரதா ரங்கநாதன் நூலகவியல் பேராசிரியர் பதவிக்காகக் கொடுத்தார். ஐம்பதுகள்ல ஒரு லட்சம்னா எவ்வளவுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. 1972 செப்டம்பர் 27 அன்னைக்கு பெங்களூர்ல இறந்தார். அவர் பிறந்த நாளை ஆகஸ்ட் 12-ல தேசிய நூலகர் நாளா கொண்டாடுறாங்க.

அந்த ஆறு பை பிறகு கொஞ்சம் கொஞ்சமா ஏறி, இப்போ ரூபாய்க்குப் பத்து பைசா. வீட்டுல சொத்து வரி ரசீது இருந்தா எடுத்துப் பாருங்க. அதுல நூலக வரின்னு தனியா ஒரு தொகை போட்டிருக்கும்.