அயலவர் வீட்டுக்குள் நுழையும் நஞ்சு: ரேச்சல் கார்சன் எழுப்பிய கேள்வி

ஒருவர் தமது நிலத்தில் தெளிக்கும் நஞ்சு அயலவரின் வீட்டுக்குள் புகுமாயின் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? மலையக மக்களுக்கு இக்கேள்வி புதியதன்று. லயன் அறையின் வாசலுக்கும் தேயிலைச் செடிக்கும் இடையே ஒரு சிறு வடிகான் மாத்திரமே எல்லையாக உள்ள தோட்டங்களை அட்டனிலும் நுவரெலியாவிலும் காணலாம். இக்கேள்வியை உலக அரங்கில் எழுப்பி, ஆட்சியாளர்களைப் பதில் தேட வைத்தவர் அமெரிக்க உயிரியல் அறிஞர் ரேச்சல் கார்சன் ஆவார்.

1907 மே 27ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் எளிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். ஆயினும் குடும்பத்தின் வறுமை மேற்கொண்டு கற்க இடமளிக்கவில்லை. 1935இல் தந்தை மறைந்தார். 1937இல் மூத்த சகோதரியும் மறைந்தார். தாயையும் சகோதரியின் இரு பெண் பிள்ளைகளையும் காக்கும் பொறுப்பு கார்சனின் தோள்களில் விழுந்தது. அரசாங்க மீன்வளத் திணைக்களத்தில் பணியாற்றியவாறே அவர் எழுதினார். 1951இல் வெளியான கடல் பற்றிய நூல் பெரும் புகழைத் தேடித்தரவே, அடுத்த ஆண்டு அரச பணியிலிருந்து விலகி முழுநேர எழுத்தாளரானார்.

1958ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த ஒல்கா ஹக்கின்ஸ் என்ற நண்பியிடமிருந்து கிடைத்த கடிதம் அவரது வாழ்வைத் திசை திருப்பியது. நுளம்பை ஒழிப்பதற்காக முந்திய கோடையில் விமானத்திலிருந்து டி.டி.ரி. தெளிக்கப்பட்டதையும், தமது காணியில் பறவைகள் மடிந்து வீழ்ந்ததையும் அப்பெண்மணி அதில் விவரித்திருந்தார். அவரது சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. அதே காலத்தில் லோங் ஐலன்ட் வாசிகளும் தமது வீடுகளின் மீது மருந்து தெளிப்பதற்கு எதிராக நீதிமன்றம் சென்று தோல்வியுற்றனர். இத்தகைய சம்பவங்களைச் சான்றுகளுடன் திரட்டுவதில் கார்சன் நான்கு ஆண்டுகளைச் செலவிட்டார்.

மௌன வசந்தம் என்று தமிழில் அறியப்படும் அவரது நூல் 1962 செப்டெம்பரில் வெளிவந்தது. இரசாயன நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. வழக்குத் தொடரப்போவதாக மிரட்டல்கள் வந்தன. திருமணமாகாத பெண் என்பதும் கூட அவரை ஏளனம் செய்வதற்குக் காரணமாக்கப்பட்டது. அப்போது அவர் மார்பகப் புற்றுநோயால் துன்புற்றுக்கொண்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. நோயை வெளிப்படுத்தினால் தமது ஆய்வின் நடுநிலை சந்தேகிக்கப்படும் என்று அஞ்சி அதனை மறைத்தே வைத்திருந்தார். 1963 மே மாதத்தில் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு அவரது கருத்துகளைப் பெரிதும் ஏற்று அறிக்கை சமர்ப்பித்தது. ஜூன் மாதத்தில் செனற் சபையின் குழு முன் தோன்றிய கார்சன், பிறர் தெளிக்கும் நஞ்சு தம் வீட்டுக்குள் ஊடுருவாது பாதுகாப்புப் பெறுவது குடிமக்களின் அடிப்படை உரிமையாக வேண்டும் என வலியுறுத்தினார். பத்து மாதங்களின் பின்னர், 1964 ஏப்ரல் 14ஆம் திகதி, தமது 56ஆவது வயதில் அவர் காலமானார். 1972இல் அமெரிக்கா டி.டி.ரி.யின் பெரும்பாலான பாவனைகளைத் தடை செய்தது.

இலங்கையில் மலேரியா மீண்டும் பரவியமைக்குக் கார்சனே காரணம் எனக் குற்றஞ்சாட்டுவோர் உண்டு. 1963இல் 17 ஆகக் குறைந்திருந்த நோயாளர் தொகை 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது உண்மையே. ஆனால் நோய் ஒழிந்துவிட்டது என்ற நம்பிக்கையிலேயே இங்கு தெளிப்பு நிறுத்தப்பட்டது. அவரது நூலினால் அன்று. நோய் தடுப்புக்காக இரசாயனங்களைப் பயன்படுத்துவதை அவர் முற்றாக நிராகரித்தவரும் அல்லர். கண்மூடித்தனமான பாவனையையே அவர் எதிர்த்தார்.

அவர் சொன்ன நியதிக்கு எமது மலைகளே சாட்சி பகர்கின்றன. தேயிலையைத் தாக்கும் இலைச்சுருட்டிப் புழுவைக் கட்டுப்படுத்துவதற்காக, தலவாக்கலையில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தது. குளவி தன் பணியைச் செவ்வனே செய்தது. பின்னர் தண்டு துளைக்கும் வண்டுக்காக டில்ட்ரின் தெளிக்கப்பட்டபோது அக்குளவி மடிந்தது. அடங்கியிருந்த புழுவோ மீண்டும் பெருகியது.

மண்ணைப் புகையூட்டும் நஞ்சுகள் இன்னும் கவனத்துக்குரியவை. வேர்களைத் தாக்கும் நுண்புழுக்களை அழிப்பதற்காகத் தேயிலை நாற்றுத் தவறணைகளில் மெதைல் புரோமைட்டு பயன்பட்டது. அது நிறமற்றது; குறைந்த செறிவில் மணமும் அற்றது; காற்றைவிட மும்மடங்குக்கு மேல் பாரமானதாகையால் பள்ளங்களில் தங்கக்கூடியது. தலைச்சுற்று, வாந்தி, நடுக்கம், வலிப்பு, நுரையீரல் பாதிப்பு ஆகியவற்றை அது ஏற்படுத்தும். அறிகுறிகள் சில மணித்தியாலங்கள் கழித்தே தோன்றுவதுமுண்டு. ஓசோன் படலத்தையும் சிதைப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் வளர்முக நாடுகளும் 2015உடன் அதனை விவசாயத்திலிருந்து விலக்க நேர்ந்தது. தனிமைப்படுத்தல், ஏற்றுமதிப் பண்டங்களுக்கான புகையூட்டல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

மாற்றாக வந்தவை யாவும் தீங்கற்றவை அல்ல. அவற்றுள் ஒன்றான மெற்றம் சோடியம் ஈரமண்ணில் நச்சு வாயுவாக மாறிக் கண்ணையும் சுவாசக் குழாயையும் எரிக்கும். 1999 நவம்பரில் கலிபோர்னியாவின் ஏர்லிமார்ட் என்ற விவசாயத் தொழிலாளர் ஊரில், அருகிலுள்ள வயலிலிருந்து பரவிய இவ்வாயுவினால் 150க்கும் அதிகமானோர் நோயுற்றனர். அவர்கள் மருந்து தெளித்தவர்கள் அல்லர். அருகில் வசித்தவர்கள் மாத்திரமே.

எமது நாட்டில் பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்த 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. மருந்து தெளிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் வழங்குவது பற்றிப் பேசுகின்றோம். பக்கத்து லயத்தில் உறங்கும் குழந்தைக்கு யார் முகமூடி அணிவிப்பது? மலையில் பெய்யும் மழை மகாவலியாகி மூதூர் அருகே கடலைச் சேர்கின்றது. தோட்டத் தொழிலாளியும் கீழ்நாட்டு முஸ்லிம் விவசாயியும் ஒரே நதியின் பிள்ளைகளே. எனவே இது ஒரு சாராரின் பிரச்சினை அன்று.

தெளிக்கும் நாளை முன்கூட்டியே குடியிருப்பாளருக்கு அறிவித்தல், லயன்கள், பிள்ளைக் காம்பராக்கள், குடிநீர்ப் பீலிகள் ஆகியவற்றிலிருந்து குறித்த தூரம் பேணுதல், தோட்ட வைத்தியசாலைகளில் பாதிப்புகளை முறையாகப் பதிவு செய்தல் ஆகியன பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. இவற்றைத் தோட்ட நிர்வாகங்களிடமும் அரசாங்கத்திடமும் கேட்டுப் பெறவேண்டிய கடப்பாடு தொழிற்சங்கங்களுக்கு உண்டு. நோயுற்ற நிலையிலும் ஒரு பெண்மணி அமெரிக்க செனற் சபையின் முன் கேட்ட உரிமை, எமது மலைச்சரிவுகளில் வாழ்வோருக்கும் உரியதே.