ஜே.ஆர்.டி. டாட்டா: சம்பளம் வாங்காத தலைவர்

ஏர் இந்தியா விமானத்தில் நம்மில் பலர் பயணம் செய்திருப்போம். அதைத் தொடங்கி வளர்த்தவரைப் பற்றி இந்த இதழில் தெரிந்துகொள்வோம்.

ஜே.ஆர்.டி. டாட்டா 1904 ஜூலை 29 அன்று பாரிஸில் பிறந்தார். சிறுவயது முதலே விமானம் ஓட்ட ஆசை. 1929-ல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் அவருக்குத்தான் கிடைத்தது. 1932 அக்டோபர் 15 அன்று, கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹூவுக்கு, ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானத்தில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டி வந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். டாட்டா ஏர்லைன்ஸ் பிறந்த கதை இதுதான். 1946-ல் அதன் பெயர் ஏர் இந்தியா ஆனது.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, அரசும் டாட்டாவும் கூட்டுச் சேர்ந்து வெளிநாட்டுச் சேவையைத் தொடங்கின. அரசின் பங்கு 49 சதவீதம். 1948 ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. பயணிகளில் ஜே.ஆர்.டி.யும் ஒருவர்.

1953-ல் விமான நிறுவனங்களை அரசு நாட்டுடைமையாக்கியது. ஜே.ஆர்.டி. இதைக் கடுமையாக எதிர்த்தார். ஆனால் முடிவான பிறகு, வெளிநாட்டுச் சேவைக்குத் தலைவராக இருக்கும்படி நேரு அரசு கேட்டபோது ஒப்புக்கொண்டார். 25 ஆண்டுகள் சம்பளம் வாங்காமல் அந்தப் பொறுப்பில் இருந்தார். பயணம் செய்யும்போதெல்லாம் இருக்கை, உணவு, திரைச்சீலை, பணியாளர் நடந்துகொள்ளும் விதம் என்று கண்ட குறைகளைக் குறித்துவைத்து அதிகாரிகளுக்கு எழுதுவார். 1962-ல் ஏர் இந்தியா முழுக்க ஜெட் விமானங்களையே இயக்கும் நிறுவனமானது.

1978-ல் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. முறையான கடிதம் கைக்கு வருமுன்பே, செய்தி வேறு வழியாக அவர் காதுக்கு எட்டியது. அந்த வருத்தம் அவரிடம் இருந்தது. ஆனாலும் 1980-ல் இயக்குநர் குழுவில் உறுப்பினராக அழைத்தபோது மறுக்கவில்லை. 1982-ல், 78 வயதில், முதல் பயணத்தின் பொன்விழாவுக்காக கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் ஒரு சிறு விமானத்தைத் தனியே ஓட்டி வந்தார்.

1992-ல் பாரத ரத்னா. 1993 நவம்பர் 29 அன்று ஜெனீவாவில் காலமானார். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது.

பொதுவான லிஃப்ட், படிக்கட்டு, மொட்டை மாடி ஆகியவற்றை யார் கவனிப்பது என்ற பேச்சு நம் கூட்டங்களில் வரும்போதெல்லாம் இவரை நினைத்துக்கொள்ளலாம். தன் கையைவிட்டுப் போன நிறுவனத்தையும் சொந்த வீட்டைப் போலப் பார்த்துக்கொண்டவர் அவர்.