இரண்டு பக்கமும் கும்பிட்ட கடவுள்



இந்த மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்து அண்ணாமார் கேட்டார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. உயர்தரத்தோடு படிப்பு நின்றுபோய், இங்கு வந்து தொழிற்சாலையில் வேலை செய்பவன். ஆனால் யுத்தத்துக்குள் இருந்து கடவுளைக் கும்பிட்டு வளர்ந்தவன். அந்த வகையில் என் மனதுக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர்தான் அமெரிக்காவின் 16ஆவது ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன். அடிமைகளை விடுவித்தவர் என்று எல்லோரும் பாடசாலையில் படித்திருப்போம். யுத்தகாலத்தில் அவர் கடவுளோடு எப்படிக் கதைத்தார் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

லிங்கன் 12.02.1809 அன்று கெண்டக்கி மாநிலத்தில், மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை வீட்டில் பிறந்தார். 9 வயதில் தாயை இழந்தார். அவர் பாடசாலைக்குப் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் வராது. கோடரி பிடித்து மரம் வெட்டினார். கடையில் நின்றார். தபால் அதிபராக இருந்தார். தானாகவே புத்தகம் வாங்கிச் சட்டம் படித்துச் சட்டத்தரணியானார்.

அவருடைய தாய் தகப்பன் பக்தியான கிறிஸ்தவர்கள். ஆனால் லிங்கன் சாகும்வரை எந்தத் திருச்சபையிலும் அங்கத்தவராகச் சேரவில்லை. 1846இல் அவர் காங்கிரஸ் சபைக்குப் போட்டியிட்டபோது, எதிர்த்து நின்றவர் பீற்றர் கார்ட்ரைட் என்ற பிரபலமான மதபோதகர். லிங்கனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று கதை பரப்பினார்கள். வோட்டுக்காக ஒரு சபையில் சேர்ந்துவிடுவது அவருக்குப் பெரிய வேலையில்லை. அப்படிச் செய்யாமல் ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். தான் எந்தச் சபையிலும் அங்கத்தவர் இல்லை என்பது உண்மைதான், ஆனால் வேதத்தை மறுத்ததும் இல்லை, சமயத்தை இழிவாகப் பேசியதும் இல்லை என்று அதில் சொன்னார். சனங்கள் அவரையே தெரிவு செய்தார்கள். தன்னிடம் இல்லாத பக்தியை இருப்பதாகக் காட்டாத மனிதர் அவர். பிறகு அவர் செய்த பிரார்த்தனையை நான் நம்புவதற்கு இதுதான் முதற் காரணம்.

1860இல் ஜனாதிபதியாகத் தெரிவானார். அடிமை முறையை விடமாட்டோம் என்று தென் மாநிலங்கள் பிரிந்து போயின. 12.04.1861 அன்று யுத்தம் தொடங்கியது. நாலு வருஷத்தில் 6 இலட்சத்துக்கும் கூடுதலான போர்வீரர்கள் இறந்தார்கள். லிங்கனுடைய மனைவி மேரியின் சகோதரர்கள் சிலர் எதிர்ப்பக்கத்தில் நின்று சண்டை பிடித்தார்கள். வடக்கிலும் தெற்கிலும் ஒரே பைபிள்தான். இரண்டு பக்கத்துத் தலைவர்களும் உபவாச நாட்களை அறிவித்தார்கள். இரண்டு பக்கத்துக் கோயில்களிலும் வெற்றி கேட்டுச் செபம் நடந்தது.

20.02.1862 அன்று லிங்கனின் மகன் வில்லி 11 வயதில் காய்ச்சலால் இறந்தான். 1850இலும் அவர் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருந்தார். போர்க்களத்திலோ தோல்விக்கு மேல் தோல்வி. அந்த நாட்களில், பெரும்பாலும் 1862 செப்ரெம்பரில் என்று கருதுகிறார்கள், அவர் ஒரு கடதாசியில் தனக்காகவே சில வரிகள் எழுதி வைத்தார். பிரசுரிக்க எழுதியதல்ல. அவருடைய செயலாளர் ஜோன் ஹே பாதுகாத்து வைத்ததால்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. இரண்டு பக்கமும் கடவுளின் விருப்பப்படி நடப்பதாகச் சொல்கிறது, ஒரே விஷயத்துக்குக் கடவுள் ஒரே நேரத்தில் சார்பாகவும் எதிராகவும் இருக்க முடியாது, இரண்டு பக்கமும் நினைக்காத வேறு ஒன்றுகூட அவருடைய நோக்கமாக இருக்கலாம் என்பதுதான் அதன் சாரம். ஒரு படைக்குத் தலைமை தாங்கிய மனிதர் இரவில் தனியே இருந்து இப்படி யோசித்திருக்கிறார்.

இப்படி யோசித்தவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. எதிரிப் படை மேரிலாந்து மாநிலத்தை விட்டுத் துரத்தப்பட்டால் அடிமைகளின் விடுதலையை அறிவிப்பேன் என்று கடவுளிடம் நேர்ந்துகொண்டார். எங்கட ஊரில் நேர்த்தி வைத்தால் தேங்காய் உடைப்போம், காவடி எடுப்போம். அவர் வைத்த நேர்த்தி மற்ற மனிதனின் விலங்கைக் கழற்றுவது. 17.09.1862 அன்ரியற்றம் சண்டைக்குப் பிறகு எதிரிப் படை பின்வாங்கியது. 22ஆம் திகதி அமைச்சர்களைக் கூப்பிட்டு, கடவுளுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றப் போவதாகச் சொன்னார். அந்தப் பிரகடனம் 01.01.1863இல் நடைமுறைக்கு வந்தது. 1865இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்தார்கள்.

04.03.1865 அன்று இரண்டாம் முறை பதவியேற்றார். வெற்றி கைக்கெட்டிய நேரம். சனங்கள் வீரப்பேச்சை எதிர்பார்த்து நின்றார்கள். அவரோ சில நிமிஷங்கள் மட்டும் பேசினார். இரண்டு பக்கமும் ஒரே கடவுளைக் கும்பிட்டோம், ஒருவருடைய மன்றாட்டும் முழுதாக நிறைவேறவில்லை என்றார். அடிமைப் பாவத்தைத் தெற்கின் தலையில் மட்டும் சுமத்தாமல், இந்த யுத்தம் இரு பகுதிக்கும் வந்த தண்டனையாக இருக்கலாம் என்றார். விதவைகளையும் அநாதைகளையும் பார்க்கவேணும், ஒருவரிலும் பகை வைக்கக்கூடாது என்று முடித்தார். கடவுளின் நோக்கம் வேறு, தங்கள் நோக்கம் வேறு என்று சொன்னால் மனிதருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லவேண்டிய உண்மை அது என்று பிறகு ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

ஏப்ரல் 9இல் தென்படையின் தளபதி லீ சரணடைந்தார். ஏப்ரல் 14, நாங்கள் புத்தாண்டு கொண்டாடுகிற அதே திகதி, அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை. அன்றிரவு வாஷிங்டனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தவரைச் சுட்டார்கள். அடுத்த நாட்காலை உயிர் போனது. வயது 56.

எங்கட பங்கருக்குள் அம்மம்மா கவசம் சொல்லுவா. பக்கத்து வீட்டு அன்ரி செபமாலை சொல்லுவா. தெற்கிலே ஆமிக்காரரின் தாய்மார் பன்சாலையில் விளக்கேற்றி, தங்கட பிள்ளை உயிரோடு வரவேணும் என்று கும்பிட்டிருப்பார்கள். 2009க்குப் பிறகு, கடவுளுக்குக் கண் இல்லையா என்று கேட்டவர்களும், கோயிலுக்குப் போவதையே விட்டவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கேள்வியைக் கடவுளின் முகத்துக்கு நேரே கேட்பதும் உண்மையான பிரார்த்தனைதான்.

லிங்கன் இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லவில்லை. அடிமை முறை அநியாயம் என்பதில் கடைசிவரை உறுதியாக நின்றார். எங்களுக்கும் எங்கட நியாயத்தை விடவேண்டிய தேவை இல்லை. ஆனால் நியாயம் எங்கட பக்கம் இருந்தாலும், எங்களிடம் கேட்பதற்குக் கடவுளுக்கும் சில கேள்விகள் இருக்கலாம். அதற்கும் கொஞ்சம் இடம் விட்டுக் கும்பிடவேணும். இதைத்தான் நான் அந்த மனிதரிடம் படித்தேன்.

பிறக்கின்ற ஆண்டில் எல்லோர் வீட்டிலும் சமாதானம் நிலைக்கட்டும்.