மாணவர் படைக்கு வித்திட்ட பண்டிதர்

சுதந்திர தினத்தன்று கமுதி போன்ற ஊர்களில் பள்ளிக்கூட மைதானத்தைப் பார்க்க வேண்டும். காக்கி உடுப்பும் கனத்த பூட்ஸுமாகப் பையன்கள் விறைத்து நிற்பார்கள். முதல்நாள் வரை கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துத் திரிந்தவனும் அந்த வரிசையில் இருப்பான். வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் தாய்க்கு, மகனைப் பட்டாளத்துக்கே கொடுத்துவிட்டோமோ என்று நெஞ்சு பதறும். அந்த அம்மாள் பதற வேண்டியதில்லை. தேசிய மாணவர் படையில் சேர்ந்த காரணத்துக்காக எவனையும் போர்முனைக்கு இழுக்கக்கூடாதென்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தப் படைக்குத் திட்டம் வகுத்தவரும் சிப்பாய் அல்லர், பொதுத்தொண்டர்.

பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு 1887-ல் காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அயோத்தியாநாத் அலகாபாத்தில் பேர்போன வக்கீல். காங்கிரஸின் ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவர். மகனுக்கு ஐந்து வயது நிறையுமுன்பே அவர் காலமாகிவிட்டார்.

1909-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார் குன்ஸ்ரு. சம்பாத்தியத்தை மறந்து ஆயுள் முழுவதும் தேசப்பணி செய்ய விரதம் பூண்டவர்களின் சங்கம் அது. கோகலேக்குப் பிறகு அதற்குத் தலைமை வகித்தவர் நமது வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். சேர்ந்து இரண்டாண்டுகளில் குன்ஸ்ருவின் மனைவி இறந்தார். அவர் மறுமணத்தை நாடவில்லை. ஊரார் பிள்ளைகளே அவர் பிள்ளைகள் ஆனார்கள். வெள்ளைக்காரர்களின் சாரணர் இயக்கம் இந்தியச் சிறுவர்களைச் சேர்க்கத் தயங்கிய நாட்களில், மாளவியாஜியுடன் சேர்ந்து சேவா சமிதி சாரணர் இயக்கத்தை வளர்த்தார்.

பிரிட்டிஷ் சர்க்கார் 1917-லேயே கல்லூரி மாணவர்களுக்கென ஒரு படைப்பிரிவு தொடங்கியதுண்டு. ஆனால் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அன்று எத்தனை பேர்? கிராமத்துப் பள்ளிப் பையனுக்கு அதில் இடமே இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க 1946-ல் ஒரு கமிட்டி அமைந்தது, தலைவர் குன்ஸ்ரு. கல்லூரிக்கு ஒரு பிரிவு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரிவு, பெண்களுக்கும் ஒரு பிரிவு என்று 1947 மார்ச்சில் கமிட்டி சிபாரிசு செய்தது. காஷ்மீரத்தில் சண்டை நடந்துகொண்டிருந்த 1948 ஏப்ரலில் சட்டம் வந்தது. ஜூலை 15-ல் படை உதயமாயிற்று. மறு வருஷம் பெண்கள் பிரிவும் வந்தது.

இதில் ரசமான ஏற்பாடு, உபாத்தியாயர்தான். துப்பாக்கியும் கவாத்துச் சொல்லிக்கொடுக்கும் ஹவில்தாரும் ராணுவத்திலிருந்து வருவார்கள். அதிகாரியைப் பள்ளிக்கூடமே தர வேண்டும். காலையில் கணக்குப் போட்டவர், தாமும் பயிற்சி பெற்று வந்து, மாலையில் அணிவகுப்பை நடத்துவார். மறுநாள் வகுப்பில் பையன்களின் வணக்கம் சற்று விறைப்பாகவே விழும்! செலவை மத்திய சர்க்காரும் மாநில சர்க்கார்களும் பகிர்ந்துகொள்கின்றன.

1962-ல் சீன யுத்தம் மூண்டது. அடுத்த ஆண்டே கல்லூரி மாணவர்களுக்கு இந்தப் பயிற்சி கட்டாயமாயிற்று. 1965 யுத்தத்தில் மாணவர் படையினர் முதலுதவிக்கும் ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கும் கைகொடுத்தார்கள். ஆனாலும் விருப்பமில்லாதவனை வரிசையில் நிறுத்தினால் வரிசைதான் நீளும். 1968-ல் கட்டாயம் நீங்கியது.

அதே 1968-ல் குன்ஸ்ருவுக்குப் பாரத ரத்தினம் அளிக்க சர்க்கார் முன்வந்தது. குடியரசில் இத்தகைய பட்டங்கள் கூடாதென்று அரசியல் நிர்ணய சபையில் வாதாடியவர் அவர். தமக்கு வந்தபோதும் வேண்டாமென்று சொல்லிவிட்டார். 1978 ஏப்ரல் 3-ந் தேதி, தொண்ணூறாவது வயதில், அந்த ஊழியர் கண் மூடினார்.